பாத்தியதை என்னும் சொல்லும் அதன் தமிழும்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் பழைய கிரயப் பத்திரங்களைப் பிரித்துப் பார்த்தால், 'இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ இதில் யாதொரு பாத்தியதையும் இல்லை' என்பது போன்ற வாசகத்தைப் பெரும்பாலும் காணலாம். ஒரு பொருளை 'இது என்னுடையது' என்று சட்டத்தின் முன் கோருவதற்குள்ள தகுதியையே இங்குப் பாத்தியதை என்கிறோம். கட்டாயத்துக்கு உட்பட்ட என்னும் பொருளுடைய 'பாத்ய' என்ற வடசொல்லிலிருந்து வந்தது இது. தெலுங்கில் இதே சொல் இன்றும் பொறுப்பைக் குறிக்க, தமிழில் பொருள் மாறி, கோரிக்கையைக் குறிக்கலாயிற்று. அருகில் நிற்கும் வாரிசும், நிலவுடைமைச் சொல்லான மிராசும் மரபுவழிச் சொத்தைக் குறிக்கும் ஒரே அரபு வேரிலிருந்து கிளைத்தவை.

இதற்கு நேரான தமிழ்ச்சொல் உரிமை. உரிய, உரியவர், உரித்து என்பவற்றோடு ஒரே அடியில் பிறந்த இச்சொல், ஒன்று ஒருவரைச் சார்ந்திருக்கும் தன்மையைச் சொல்கிறதேயன்றி, யாரோ ஒருவர் கொடுத்ததைச் சொல்வதில்லை.

உரிமைக்கு இணையாக முன்னோர் ஆண்ட மற்றொரு சொல் கிழமை. இன்று ஞாயிறு, திங்கள் என நாளைக் குறிக்க மட்டுமே அதைப் பயன்படுத்துகிறோம். அந்தந்தக் கோளுக்கு உரிய நாள் என்பதே அங்கும் கருத்து. நட்பில் எடுத்துக்கொள்ளும் உரிமையைக் குறள் (801) 'கிழமை' என்கிறது. 'செல்லான் கிழவன் இருப்பின்' நிலம் மனைவியைப் போல ஊடிவிடும் என்னும் குறளில் (1039) கிழவன் என்பவன் முதியவன் அல்லன், நிலத்துக்கு உரியவன். நாள்தோறும் சென்று பேணுவதையும் உரிமையின் பகுதியாகவே அக்குறள் பார்க்கிறது என்பது என் கருத்து.

இந்தக் கரையின் வரலாற்றில் சென்று உழைத்தவர் ஒருவராகவும் உரியவர் வேறொருவராகவும் இருந்ததே மிகுதி. 1803இல் ஆங்கிலேயக் கும்பினி இராமநாதபுரத்தை நிரந்தர ஜமீனாக்கிச் சன்னது என்னும் பட்டயம் வழங்கியபோது, அவ்வூர் அரசர்களான சேதுபதிகளின் ஆட்சி ஒரு சொத்துரிமையாகச் சுருங்கியது. ஆனால், அந்தச் சொத்துரிமை கடலடிவரை நீண்டது. பாக் நீரிணையின் சங்குப் படுகைகள் அரசரிடமிருந்து குத்தகைக்குப் போயின. குத்தகைதாரரின் இசைவின்றிச் சங்கு எடுப்பது திருட்டாகுமா என்னும் வழக்கு 1900களின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றபோது, திருட்டே என்று தீர்ப்பாயிற்று. மூச்சடக்கி மூழ்கியவரின் கையில் சங்கு இருந்தது. பாத்தியதை தாளில் இருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது.

ஜமீன் போனபின் அதிகாரம் அரசுத் துறைகளிடம் வந்தது. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு அங்கே மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுத்து வந்த பாம்பன், ஏர்வாடிப் பகுதிப் பெண்களின் தொழில் தடைக்குள் சென்றது. பவளப்பாறையைக் காப்பது தேவையான பணி. அதில் எனக்கு ஐயமில்லை. எனினும், தலைமுறைகளாகச் சென்று வந்தவர்களின் தொழிலைப் பற்றி எழுதுகையில் 'அனுமதி', 'சலுகை' என்று எழுதுவது பிழை. அவை இரண்டும் கொடுப்பவர் திரும்பப் பெறக்கூடியவை.

இந்த வேறுபாட்டை இலக்கணம் முன்பே பெயரிட்டு வைத்திருக்கிறது. ஆறாம் வேற்றுமைக்குப் பொருள் கிழமை என்று சொல்லும் நன்னூல், அதைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாக்குகிறது. 'சாத்தனது கை' என்பதில் கை அவனைவிட்டுப் பிரியாது, அது தற்கிழமை. 'சாத்தனது வீடு' என்பதில் வீடு கைமாறலாம், அது பிறிதின்கிழமை. கடலுக்குச் செல்லுமுன் விசைப்படகுக்காரர் வாங்கும் அனுமதிச் சீட்டான டோக்கன் இரண்டாம் வகை. பாசி எடுக்கும் பெண்ணின் தொழிலை முதல் வகையில் வைத்து, மனுவிலும் செய்தியிலும் 'பாசி எடுக்கும் உரிமை' என்றே எழுதவேண்டும்.