வெளிப்படையுண்மை: பொருளும் வேரும்

தரம் 9 கணிதத்தில் 'வெளிப்படை உண்மைகள்' என்றொரு பாடம் வரும். ஆங்கில மொழிமூலம் படிக்கிற பிள்ளைகள் அதையே ஆக்சியம் என்பார்கள். சமமானவற்றோடு சமமானவற்றைக் கூட்டினாலும், கழித்தாலும், பெருக்கினாலும், வகுத்தாலும் (பூச்சியத்தால் மட்டும் வகுக்கக்கூடாது) விடை சமம். ஒரே கணியத்துக்குச் சமமான கணியங்கள் தம்முள் சமம். பாடம் அவ்வளவுதான். 'இதுக்கு ஏன் ஒரு பாடம்? தெரிஞ்ச விசயம்தானே' என்று ரியூசனில் யாராவது கேட்காமல் விடமாட்டார்கள்.

குத்தெதிர்க் கோணங்கள் சமம் என்று நிறுவும்போது அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். இரண்டு நேர்கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் நான்கு கோணங்கள் வரும். மேற்கோணமும் வலக்கோணமும் சேர்ந்தால் 180 பாகை. அதே வலக்கோணமும் கீழ்க்கோணமும் சேர்ந்தாலும் 180 பாகை. இரண்டு கூட்டுத்தொகையும் ஒன்றுக்கே சமமாக இருப்பதால் தம்முள் சமம். இரண்டிலிருந்தும் வலக்கோணத்தைக் கழித்தால், மேலே இருப்பதும் கீழே இருப்பதும் சமம். இங்கே இரண்டு வெளிப்படையுண்மைகள் வேலை செய்திருக்கின்றன. 'அவற்றுக்கு நிறுவல் எங்கே?' என்று கேட்டால் இன்னொன்றைச் சொல்லவேண்டும். பிறகு அதற்கும் ஒன்று. எங்கேயாவது ஓரிடத்தில் நிற்கத்தான் வேண்டும். நிற்கிற அந்த இடத்துக்குத்தான் இந்தப் பெயர்.

ஆக்சியம் கிரேக்கச் சொல். 'அக்சியோஸ்' என்றால் தகுதியுடையது, பெறுமதியானது. அதிலிருந்து வந்த 'அக்சியோமா' முதலில் மதிப்பு, அந்தஸ்து என்ற பொருள்களில் வழங்கியது. பிறகு 'ஏற்றுக்கொள்ளத் தக்கது' என்றாயிற்று. அரிஸ்டோட்டில் அதை அளவையியலில் நிலைப்படுத்தினார். அவருக்குப் பின், கி.மு. 300 அளவில் கேத்திரகணித நூல் எழுதிய யூக்கிளிட் இந்தச் சொல்லைத் தொடவில்லை என்பது ஒரு வேடிக்கை. அவர் வைத்தவை இரண்டு தொகுதிகள்: 'பொது எண்ணங்கள்' ஒன்று, 'வேண்டுகோள்கள்' மற்றது. 'இதை எனக்கு விட்டுத்தாருங்கள், மிச்சத்தை நான் நிறுவிக்காட்டுகிறேன்' என்ற தோரணை.

தமிழில் இந்தக் கருத்துக்குப் பஞ்சமில்லை. உள்ளங்கை நெல்லிக்கனி, கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பவை எல்லாருக்கும் தெரிந்தவை. எனக்குப் பிடித்தது வெள்ளிடைமலை. வெள்ளிடை என்றால் வெட்டவெளி. அதில் நிற்கும் மலையை யாரும் சுட்டிக்காட்டத் தேவையில்லை. மலையே இல்லாத யாழ்ப்பாணத்திலும் இந்தச் சொல் புழங்குகிறது. கீரிமலையில் மலையைத் தேடிப் போனால் கேணியும் கடலும்தான் கிடைக்கும்!

ஆனால் இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கின்றன. சிங்களப் பாடநூலும் ஆக்சியத்தைப் 'பிரத்தியக்ஷ' என்றே சொல்கிறது. சைவ சித்தாந்த அளவையியலில் 'காட்சி' என்று நாம் படிப்பது அதைத்தான். சிக்கலும் இங்கேதான். கிரேக்கச் சொல்லில் 'தெரிவது' என்ற பொருளே கிடையாது; 'ஏற்கத் தக்கது' என்பதுதான் உண்டு. தெரிவதெல்லாம் உண்மை என்று நம்பினால் கணிதம் காலை வாரிவிடும். 'முழுமை அதன் பகுதியிலும் பெரியது' என்பது யூக்கிளிட்டின் பொது எண்ணங்களில் ஒன்று. இதைவிட வெளிப்படையாக என்ன இருக்கிறது? ஆனால் 1, 2, 3 என்று முடிவில்லாமல் போகும் எண்களையும் 2, 4, 6 என்று போகும் இரட்டை எண்களையும் ஒன்றுக்கொன்று சோடி சேர்த்துப் பாருங்கள். ஒன்றுகூட மிஞ்சாது. பகுதியும் முழுமையும் சரிசமம். சமாந்தரக் கோடுகள் பற்றிய ஐந்தாவது வேண்டுகோளுக்கும் இதே கதி. 1829இல் ரஷ்யக் கணிதவியலாளர் லோபச்செவ்ஸ்கியும் 1832இல் ஹங்கேரியரான பொல்யாயும் அதை மாற்றிவைத்தே முரண்படாத வேறொரு கேத்திரகணிதத்தை வெளியிட்டார்கள்.

ஆகவே உயர்கணிதத்தில் 'வெளிப்படை' கொஞ்சம் இடிக்கிறது. அங்கே ஆக்சியம் என்பது நாம் தொடக்கமாக வைத்துக்கொள்ளும் கூற்று, அவ்வளவுதான். அடிக்கோள், மெய்கோள் என்ற சொற்களும் தமிழில் உண்டு. 'கோள்' என்பது 'கொள்' என்பதிலிருந்து வருவதால், அடிக்கோள் என்றால் அடியாகக் கொள்ளப்படுவது. எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. மெய்கோளில் மெய் என்ற பாரம் ஏறிவிடுகிறது. எடுகோள் வேண்டாம். பொருளியல் படிக்கிற நம் உயர்தர மாணவர்களுக்கு எடுகோள் என்றால் ஒரு கோட்பாட்டுக்காகத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் அனுமானம். கருதுகோள் அதற்கும் அடுத்த வீட்டுக்காரர். அது சோதித்துப் பார்க்க வேண்டியது.

அரசியலிலும் இந்தச் சொல்லுக்கு ஓர் இடம் உண்டு. 1776ஆம் ஆண்டு அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம், எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்பதை வெளிப்படை உண்மையாக வைத்தது. அதை வரைந்த ஜெபர்சனின் முதல் வரைவில் 'வெளிப்படை' என்ற இடத்தில் 'புனிதமான, மறுக்கமுடியாத' என்று இருந்தது. 1863இல் லிங்கன் கெற்றிஸ்பேர்க்கில் பேசியபோது அதே சமத்துவத்தை ஓர் எடுப்பு என்றார். எடுப்பு என்றால் நிறுவிக்காட்ட வேண்டியது. அடிமைமுறையை ஒட்டி எழுந்த உள்நாட்டுப் போரின் நடுவில் அப்படிச் சொன்னதைச் சும்மா வாய்தவறிய சொல் என்று நான் நினைக்கவில்லை.

பத்திரிகைத் தமிழில் 'என்பது வெளிப்படை உண்மை' என்று வரும் இடங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு வாசிக்கலாம். பெரும்பாலும் ஆதாரம் கைவசம் இல்லாதபோதுதான் அது வந்து விழுகிறது. 'எல்லாருக்கும் தெரிந்ததே' என்ற பொருளில் எழுதும்போது இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதுவதும், கணிதக் கலைச்சொல்லாக வரும்போது 'வெளிப்படையுண்மை' என்று சேர்த்து எழுதுவதும் என் வழக்கம்.