நேராகத் தெரியவே சாய்த்து நட்ட தூண்கள்

தென்கொரியாவின் யொங்ஜு நகருக்குப் பக்கத்து மலைச்சரிவில் புசொக்சா என்றொரு பௌத்த மடம் இருக்கிறது. உய்சாங் என்ற துறவி கி.பி. 676இல் நிறுவியது. அதன் தலைமை மண்டபத்துக்கு முர்யாங்சுஜொன் என்று பெயர். இப்போது நிற்பது 1376இல் திரும்பக் கட்டிய மரக் கட்டடம். முற்றத்தில் நின்று பார்த்தால் தூண்கள் எல்லாம் ஒரே உயரத்தில் செங்குத்தாக நிற்பதுபோல் தெரியும். அளந்து பார்த்தால் அப்படி இல்லை.

முதலில் ஒரு தூணைப் பாருங்கள். அடியில் ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் விட்டம். மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு வரும்போது 49 ஆகப் பருக்கிறது. அப்புறம் மெல்ல மெலிந்து உச்சியில் 34. கொரியர்கள் இதை பெஹுல்லிம் என்கிறார்கள். ஒரே பருமனாக இழைத்த தூணைத் தள்ளி நின்று பார்த்தால் நடுவில் ஒடுங்கியதுபோல் தோன்றும். கனத்த ஓட்டுக்கூரையை அது தாங்குமா என்று மனம் சந்தேகப்படும். அந்தச் சந்தேகத்தை இந்தப் பருமன் போக்கிவிடுகிறது.

அடுத்து மூலைத் தூண்கள். நடுத் தூண்களைவிட இவை சற்றே உயரம். நீண்ட கிடைக்கோட்டின் இரு முனைகளும் தொங்குவதுபோல் கண்ணுக்குப் படும் என்பது ஒரு காரணம். கூரையின் பாரம் இரண்டு பக்கத்திலிருந்தும் மூலையில் வந்து சேருவதால், காலப்போக்கில் அங்கே கொஞ்சம் அமுங்கும் என்பது இன்னொன்று. தூண்களின் தலையையும் லேசாக உள்பக்கம் சாய்த்திருக்கிறார்கள். செங்குத்தாக நட்டால் மேலே விரிந்ததுபோல் தெரியுமாம். கண்ணுக்காகச் செய்த இந்தச் சாய்வு, மரச்சட்டகத்தையும் இறுக்கிப் பிடிக்கிறது.

சரி, தூண்களை எங்கே நடுவது? இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட வெளிக்குப் பெயர் ‘கான்’. பாலத்துக்குக் ‘கண்’ என்று நாம் கணக்குச் சொல்வோமே, அதுபோல. நான்கு தூண்களுக்குள் அடங்கும் சதுரத்தையும் கான் என்றே சொல்வதால், நீளம், பரப்பு இரண்டுக்கும் அதுவே அளவு. ஏழைக் குடிலுக்கு ‘மூன்று கான் கூரைவீடு’ என்பது வழக்குச்சொல். முர்யாங்சுஜொன் முன்பக்கம் 5 கான், பக்கவாட்டில் 3 கான். முன்பக்க எண்ணிக்கை பெரும்பாலும் ஒற்றைப்படைதான். அப்போதுதான் நடுவில் தூண் வராமல் வாசல் வரும்.

கான் முறையில் கட்டடத்தை நீட்டுவதும் எளிது. தலைநகர் சியோலில் உள்ள அரச முன்னோர் ஆலயமான ஜொங்ம்யோவின் பிரதான மண்டபம் 1395இல் 7 அறைகளோடு தொடங்கியது. போரில் எரிந்து, 1608இல் 11 அறைகளோடு எழுந்து, 1836இல் 19ஐ எட்டியது.

தூணின் தலையில் கூரையைத் தாங்க அடுக்கும் மரக்கட்டைகளான போதிகைகளின் விஷயமும் இதில் சேரும். முர்யாங்சுஜொன்னில் போதிகைக் கட்டுகள் தூண்தலையில் மட்டுமே. பிற்கால அரண்மனைக் கூடங்களில் தூண்களுக்கு நடுவிலும் அவற்றை வரிசையாக வைத்தார்கள். அங்கே போதிகைகளின் இடைவெளியை வைத்தே கானின் அகலத்தைக் கணக்கிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது தூணின் அடிப்பகுதி வேலை. பல கட்டடங்களில் அடிக்கல்லைச் சமமாகச் செதுக்காமல், மேடுபள்ளத்தோடு கிடந்தபடியே வைத்துவிடுவார்கள். தச்சர் தூணை அதன்மேல் நிறுத்தி, இரண்டு கால் உள்ள மூங்கில் கவையைக் கையில் எடுப்பார். ஒரு கால் கல்லைத் தடவிக்கொண்டே போகும். மை தோய்ந்த மறுகால் அதே வளைவை மரத்தில் வரையும். கோட்டின்படி அறுத்துவிட்டால் மரம் கல்லின்மேல் இம்மி பிசகாமல் உட்கார்ந்துவிடும். கற்கள் வெவ்வேறு உயரத்தில் இருப்பதால், ஒரே வரிசையில் நிற்கும் தூண்களுக்கும் நீளம் வேறுபடும்.

முர்யாங்சுஜொன்னுக்குள் தெற்கு வாசல் வழியாக நுழைகிறோம். எதிரே புத்தர் இல்லை. அமிதாப புத்தர் மேற்குக் கோடியில் கிழக்கு நோக்கி அமர்ந்திருக்கிறார். திரும்பினால், உள்தூண்களின் இரண்டு வரிசைகள் அவரை நோக்கி நீண்டு போகின்றன.