மொத்தம் ஏழு, ஆனாலும் விண்ணப்பிக்க முடியவில்லை

வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி தருவது என் வேலை. முடிவு வரும் நாட்களில் போன் வந்துகொண்டே இருக்கும். மதிப்பெண் குறைந்துவிட்டது என்று வருத்தப்படுபவர்களை எப்படியாவது தேற்றிவிடலாம். "ஏழு வந்துவிட்டது, ஆனால் அது செல்லாதாமே" என்பவருக்குத்தான் பதில் சொல்லத் திணறுவேன்.

பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் ஆங்கிலத் தேர்வு ஐஇஎல்டிஎஸ். அதில் மதிப்பெண் 9க்கு. ஒரு மாணவியின் முடிவைப் பாருங்கள்: லிசனிங் 8, ரீடிங் 7.5, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 6. நான்கின் சராசரி 7.125. அதை அருகிலுள்ள அரைப் புள்ளிக்குக் கொண்டுவருவார்கள் என்பதால் மொத்தம் 7. அவர் சேர நினைத்த படிப்பும் 7தான் கேட்டது. ஆனால் அதே வரியின் பின்பாதியில், எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையக் கூடாது என்றும் இருந்தது. அந்தப் பின்பாதியை அவர் படித்தது முடிவு வந்த பிறகுதான்.

அதனால் புதிதாக வருகிறவர்களின் ஆங்கிலம் எப்படி என்று நான் முதலில் பார்ப்பதில்லை. எந்தத் துறை, பிரிவுவாரியாக என்ன கேட்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தின் பொது அறிவிப்பில் ஓர் எண் இருக்கும், துறையின் அறிவிப்பில் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். முந்தைய பட்டத்தை ஆங்கில வழியில் படித்தவர்களுக்குச் சில இடங்களில் தேர்விலிருந்தே விலக்கு உண்டு. பணம் கட்டுவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடலாம். ஐஇஎல்டிஎஸ்ஸில் அகாடமிக், ஜெனரல் என இரண்டு வகை உண்டு. மேற்படிப்புக்குக் கேட்பது அகாடமிக். மாற்றிப் பதிவு செய்துவிட்டு வந்து நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சரி, அந்த 6க்கு வருவோம். நான் பார்த்தவரை பலருக்கும் காலை வாருவது ரைட்டிங்தான். 60 நிமிடம், இரண்டு கேள்விகள். முதலாவதற்குக் குறைந்தது 150 சொற்கள், இரண்டாவதற்கு 250. இரண்டாவது கேள்விக்கு முதலாவதைப் போல இரு மடங்கு மதிப்பு. இது தெரிந்தும், முதல் கேள்வியில் வரும் வரைபடத்தோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறார்கள். அந்த மாணவியும் அப்படித்தான். வரைபடத்தில் ஒரு கோடு ஏறியிருந்தால் ஏன் ஏறியது என்று தன் கருத்தை எழுதுவார். யாரும் அதைக் கேட்கவில்லை. கண்ணில் தெரிவதைச் சொல்ல வேண்டும், ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும், மொத்தத்தில் என்ன நடந்திருக்கிறது என்று ஓரிரு வரியில் சொல்ல வேண்டும். இந்த ஓரிரு வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 20 நிமிடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

இரண்டாவது கேள்வியான கட்டுரையில் வேறொரு வியாதி, மனப்பாடம் செய்த வார்ப்பு வாக்கியங்கள். எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் முன்னுரை எந்தத் தலைப்பையும் தொடாது. திருத்துபவருக்கு அது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். கேள்விக்குப் பதில் சொன்னாயா, கோவையாகச் சொன்னாயா, சொல்வளம், இலக்கணம் என நான்கையும் சம எடையில் பார்க்கிறார்கள். கனமான சொற்களைத் திணித்தால் சொல்வளம் கூடுவதில்லை, பிழைதான் கூடுகிறது. வாரத்துக்குப் பத்துக் கட்டுரை எழுதித் தள்ளுவதைவிட, இரண்டு எழுதி, யாரிடமாவது கொடுத்துத் திருத்தி, அதே இரண்டையும் மறுபடி எழுதுவது பலன் தரும். இந்த மறுபடி எழுதும் வேலை யாருக்கும் பிடிப்பதில்லை.

லிசனிங்கில் நமக்கென்றே ஒரு குழி உண்டு. தமிழில் 'பத்து புத்தகம்' என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆங்கிலத்தில் சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' காதில் விழுந்தாலும் கை எழுதாது. பன்மை வேண்டிய இடத்தில் ஒருமை எழுதினால் அந்த விடை தவறு. எழுத்துப்பிழைக்கும் அதே கதிதான். ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். பதிவு தொடங்குமுன் கேள்வியைப் படித்து, கோடிட்ட இடத்தில் ஒருமை வருமா பன்மை வருமா என்று ஊகித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கிங் 11 முதல் 14 நிமிடம், எதிரே ஒரு தேர்வாளர். உங்கள் உச்சரிப்பில் தாய்மொழி வாடை அடிக்கலாம், பேசுவது புரிந்தால் போதும். வலிந்து வரவழைத்த வெளிநாட்டு உச்சரிப்பு பாதியில் கழன்று விழுவதைக் கேட்க எனக்கே பாவமாக இருக்கும்.

அப்புறம், அண்ணன் படித்த புத்தகத்தை வைத்துத் தயாராகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐஇஎல்டிஎஸ் போலவே இன்னொரு ஆங்கிலத் தேர்வான டோஃபல் 2023 ஜூலையில் இரண்டு மணி நேரத்துக்கும் கீழே சுருங்கியது. 2026 ஜனவரியில் வடிவமும் மதிப்பெண் அளவும் மீண்டும் மாறின, இப்போது 1 முதல் 6 வரை. 120க்கு இத்தனை என்று மட்டும் சொல்லும் பழைய புத்தகத்தில் பாதிப் பயிற்சி வீண். பதிவு செய்யும்போது பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்கட்டும். மதிப்பெண் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும் என்பதால் ரொம்ப முன்கூட்டி எழுதுவதிலும் அர்த்தமில்லை.

அந்த மாணவி என்ன ஆனார்? கணினியில் ஐஇஎல்டிஎஸ் எழுதியவர்கள் ஒரே ஒரு பிரிவை மட்டும் 60 நாளுக்குள் மறுபடி எழுதும் வசதி பல நாடுகளில் இருக்கிறது. ஆனால் எல்லாப் பல்கலைக்கழகங்களும் அதை ஏற்பதில்லை. கேட்டுப் பார்த்தார், அவர் விரும்பிய இடத்தில் ஏற்கவில்லை. நான்கையும் திரும்ப எழுதினார். ரைட்டிங் 6.5 வந்தது. லிசனிங் 8லிருந்து 7.5க்கு இறங்கியிருந்தது, அதை அவர் கண்டுகொள்ளவே இல்லை.