சுங்கை சிப்புட்டில் ‘இடது’ என்றால் என்ன?

போன பொதுத்தேர்தல் சமயத்தில் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடை ஒன்றில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். வாழ்நாள் முழுக்க ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஒரு வேட்பாளரைப் பற்றிய செய்தியைப் படித்து நாளிதழை மடித்துவிட்டு, “இடதுசாரின்னு போட்டிருக்கான், அப்படின்னா கம்யூனிஸ்டுதானே தம்பி?” என்று கேட்டார். “அப்படி இல்லீங்க ஐயா” என்றதோடு நிறுத்திக்கொண்டேன். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இடது, வலது இரண்டும் முதலில் கொள்கைகளின் பெயர்களே அல்ல, உட்காரும் இடங்கள். 1789-இல் வெர்சாயில் கூடிய பிரெஞ்சு தேசிய மன்றத்தில், சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் மன்னருக்கு வேண்டுமா என்று வாதம் நடந்தது. வேண்டும் என்றவர்கள் அவைத் தலைவருக்கு வலப்பக்கமும், கூடாது என்றவர்கள் இடப்பக்கமும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த இடமே நாளடைவில் அணியின் பெயராகிவிட்டது.

ஆனால் இடப்பக்கம் என்றால் யாருக்கு இடப்பக்கம் என்று கேட்டாக வேண்டும். நம் நாடாளுமன்றத்தில் ஆளுங்கட்சி சபாநாயகருக்கு வலப்பக்கம், எதிர்க்கட்சி இடப்பக்கம். 2018 தேர்தலில் தோற்றதும், சுதந்திர காலத்திலிருந்து வலப்பக்கமே இருந்த அம்னோவும் தோழமைக் கட்சிகளும் இடப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். அதற்காக அவர்கள் கொள்கையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

சரி, பெரியவர் கேட்டதற்கு வருவோம். அவர் அப்படி நினைத்ததில் தவறே இல்லை. 1948 ஜூன் 16 அன்று இதே சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். சம்பளம் கூட்டிக் கேட்பதும் காட்டுக்குள் துப்பாக்கி தூக்குவதும் பலர் மனதில் ஒன்றாகக் கலந்துபோன காலம் அது. அந்தப் பயத்தைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு ‘இடது’ என்றால் அந்த ஒரே பொருள்தான்.

அப்புறம் 2008-இல் இதே தொகுதி, மலேசிய சோசலிசக் கட்சியின் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜைத் தேர்ந்தெடுத்தது. 2011 ஜூலையில் அவரையும் கட்சியினர் ஐவரையும் 1969-இல் வந்த இன்னோர் அவசரகாலச் சட்டத்தின்கீழ் தடுத்து வைத்தார்கள். கம்யூனிசத்துக்கு மறுபடி உயிர்கொடுக்கப் பார்த்தார்கள் என்று குற்றம் சாட்டினார்கள். அதே ஆண்டில் அதே அரசாங்கம்தான் குறைந்தபட்ச சம்பளத்துக்கு வழிசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2013-இல் தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 வெள்ளி (ரிங்கிட்) என்று தொடங்கியது, 2025-இல் 1,700 வெள்ளிக்கு வந்திருக்கிறது. சம்பளம் இதற்குக் கீழே போகக்கூடாது என்று அரசாங்கம் முதலாளிக்குச் சொல்வது, உலகெங்கும் இடதுசாரிகளும் தொழிற்சங்கங்களும் நெடுங்காலமாகக் கேட்டுவந்தது. ‘இடது’ என்ற சொல்லுக்கு உரியவர்கள் தடுப்புக்காவலில் இருந்த ஆண்டிலேயே அவர்களுடைய கோரிக்கை சட்டமாகிவிட்டது. ஒரு காலத்தில் ஓரத்தில் நின்ற கோரிக்கை எல்லாரும் ஒப்புக்கொள்ளும் நடுவிடத்துக்கு வருவது இப்படித்தான். நடு நகர்ந்ததும் அதற்கு இடமும் வலமும் எவை என்பதும் மாறிவிடுகிறது.

இந்த நகர்வு தேர்தல் செய்திகளில் கண்ணில் படுவதே இல்லை, அதுதான் என் ஆதங்கம். யாருக்கு எந்தத் தொகுதி, யார் யாரோடு கூட்டு, எத்தனை இடம் கிடைக்கும் என்று குதிரைப் பந்தய வர்ணனையாகவே பக்கங்கள் நிறைகின்றன.

செய்தியைச் சொல்லும் விதமே ஒரு சார்பை உண்டாக்கும் என்பதை அமெரிக்க அரசியல் அறிஞர் ஷாந்தோ ஐயங்கார் சோதித்துக் காட்டினார். வறுமை பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை இரண்டு விதமாக ஆட்களுக்குப் போட்டுக்காட்டினார். ஒருவிதம் ஒரே ஓர் ஏழையின் கதை, இன்னொரு விதம் நாட்டின் பொதுநிலவரம். தனிக் கதையைப் பார்த்தவர்கள் அந்த ஏழையையே பெரிதும் பொறுப்பாக்கினார்கள். நிலவரத்தைப் பார்த்தவர்கள் அரசாங்கத்தையும் சமுதாயத்தையும் நோக்கிக் கைகாட்டினார்கள்.

இதை நம் தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். நிலம் வீடமைப்புக்குக் கைமாறுகிறது, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். அழுகிற பாட்டியின் படத்தோடு செய்தி முடிந்தால், ‘முன்னமே ஒரு வீடு வாங்கியிருக்கலாமே’ என்று மனம் சொல்லும். எனக்கே தோன்றியிருக்கிறது. அந்தக் குடும்பம் மாதம் எவ்வளவு வாங்கியது, வேலை போனால் கூடவே வீடும் போகும் ஏற்பாடு எப்படி வந்தது என்பதும் அதே செய்தியில் இருந்தால் மனம் கேட்கும் கேள்வியே வேறு. வறுமைக்குக் காரணம் ஆளா, ஏற்பாடா? இடதையும் வலதையும் பிரிக்கும் ஆதாரமான கேள்விகளில் இது ஒன்று. அந்த இரண்டு சொற்களையும் எழுதாமலேயே நிருபர் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறார், தனக்குத் தெரியாமல்கூட.

பெரியவர் எழுந்து போனபின் அந்த நாளிதழை எடுத்துப் பார்த்தேன். அந்த வேட்பாளர் சம்பளத்தைப் பற்றி என்ன சொல்கிறார், தோட்டத்து வீடுகளைப் பற்றி என்ன சொல்கிறார் என்று தேடினேன். கட்சி இருந்தது, சின்னம் இருந்தது, போன தடவை பெரும்பான்மை எத்தனை என்பதும் இருந்தது.