பெயரிட்ட கோட்டுரு: அந்தப் பெயர் உண்மையில் எதற்கு?

இணையத் தரவின் பொருளைக் கணினிகளும் புரிந்துகொள்ளும்படி அமைக்கும் முயற்சிதான் பொருளுணர் வலை. அதில் தரவை எழுதும் முறைக்கு ஆர்.டி.எஃப். (RDF) என்று பெயர். எழுவாய், பண்பு, மதிப்பு என்ற மூன்று உறுப்புள்ள சிறு கூற்றுகளாக எல்லாவற்றையும் அதில் சொல்லிவிடலாம். 'பூமி – துணைக்கோள் – நிலவு' அப்படி ஒன்று. இதை மும்மை எனலாம். மும்மைகள் பல சேர்ந்த கணம்தான் (set) கிராஃப்.

'எழுதுதல்' என்ற பொருளுள்ள கிரேக்க வேரிலிருந்து வந்தது கிராஃப். புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் குறிக்க அதை 1878இல் கணிதத்துக்குள் கொண்டுவந்தவர் ஜே. ஜே. சில்வெஸ்டர், வேதியியலார் மூலக்கூறுகளை வரைந்துகாட்டிய முறையிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட சொல் அது. தமிழில் 'வரைபடம்' என்றால் நில வரைபடமும் நினைவுக்கு வரும், 'வரைபு' என்றால் சார்புகளின் வளைகோடு நினைவுக்கு வரும். கோடும் உருவும் சேர்ந்த 'கோட்டுரு'வில் அந்தக் குழப்பம் இல்லை. நான் அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

சிக்கல் 'கணம்' என்பதில் இருக்கிறது. கணத்துக்கு அதன் உறுப்புகளைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. இரண்டு தளங்கள் அதே மும்மைகளை வெளியிட்டால் அவை இரண்டு கோட்டுருக்கள் அல்ல, ஒன்றேதான். சரி, இப்போது மீதரவு, அதாவது தரவைப் பற்றிய தரவு, எழுதிப் பார்ப்போம். முதல் தளம் அந்தத் தரவை 2010இல் வெளியிட்டது, இரண்டாவது தளம் 2020இல் வெளியிட்டது என்று வையுங்கள். நான்கு செய்திகளையும் 'இந்தக் கோட்டுரு' என்ற எழுவாயின் மேல் ஏற்றினால், ஒரே பொருளுக்கு இரண்டு வெளியீட்டாளர்கள், இரண்டு தேதிகள். எந்தத் தேதி யாருடையது? தெரியாது. உரிமமும் இதே கதிதான். ஒருவர் கட்டற்றுக் கொடுத்ததையும் இன்னொருவர் நிபந்தனையோடு கொடுத்ததையும் பிரிக்க வழி இருக்காது. வெற்றுக் கோட்டுரு இன்னும் வேடிக்கை: உலகத்தில் காலியாக உள்ள கோப்புகள் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே வெற்றுக் கோட்டுரு!

இதற்கான விடையாக வந்ததுதான் 'பெயரிட்ட கோட்டுரு'. ஜெரமி கேரல், கிறிஸ் பைட்சர், பேட் ஹேய்ஸ், பேட்ரிக் ஸ்டிக்லர் ஆகியோர் 2005இல் ஒரு கட்டுரையில் இதை முறையாக வரையறுத்தார்கள். பெயர் ஒன்று, கோட்டுரு ஒன்று, இரண்டும் சேர்ந்த இணை. பெயர் வேறானால் இணையும் வேறு, உள்ளே இருப்பது அச்சு அசலாக ஒன்றே ஆனாலும். ஆர்.டி.எஃப். தரவில் தேடுவதற்கான ஸ்பார்க்கிள் வினவல் மொழி 2008இல் இதை ஏற்றுக்கொண்டதும் சொல் பரவிவிட்டது.

ஆனால் 2014இல் வந்த ஆர்.டி.எஃப். 1.1 ஒரு விசித்திரமான குறிப்பைச் சேர்த்தது: பெயரிட்ட கோட்டுருவின் பெயர் அந்தக் கோட்டுருவைக் குறிக்க வேண்டிய அவசியமில்லை! அதற்குள் அவரவர் விருப்பப்படி பெயரைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். சிலருக்கு அது தரவு எடுத்த வலைமுகவரி, சிலருக்குத் தரவு பேசும் ஆள் அல்லது பொருள். தரநிலையை எழுதிய பணிக்குழுவால் ஒரே பொருளில் உடன்பட முடியவில்லை. சாத்தியமான பொருள்களை வரிசைப்படுத்தித் தனிக் குறிப்பு வெளியிட்டதோடு நிறுத்திக்கொண்டது. தரநிலைக்கு இது அழகில்லை என்றாலும், அதற்குள் எழுதப்பட்டிருந்த தரவுகளை உடைக்காமல் வேறென்ன செய்திருக்க முடியும் என்று தெரியவில்லை.

அந்த விவாதத்தில் பிறந்த மூன்று தற்காலிகச் சொற்கள் எனக்குப் பிடிக்கும்: ஜி-பாக்ஸ், ஜி-ஸ்னாப், ஜி-டெக்ஸ்ட். மும்மைகளை வைத்திருக்கும், உள்ளடக்கம் மாறக்கூடிய இடம் முதலாவது. ஒரு குறிப்பிட்ட நொடியில் அதனுள் இருந்த, மாறாத மும்மைக் கணம் இரண்டாவது. அதை எழுத்தில் வடித்த வரிகள் மூன்றாவது. தமிழில் கலம், நிலைப்படி, எழுத்துரு என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் 'எழுத்துரு' ஏற்கெனவே ஃபாண்டுக்குப் போய்விட்டது, 'நிலைப்படி' வாசல்படியை நினைவுபடுத்துகிறது. 'கலம்' மட்டும் தேறும். தரநிலை பின்னர் கலத்துக்கு 'ஆர்.டி.எஃப். மூலம்' என்று பெயர் வைத்தது. தமிழ்க் காதுக்கு அதைவிடக் கலமே பொருத்தம்.

'கோட்டுருவைப் புதுப்பித்தேன்' என்று எல்லாரும் பேசுகிறார்கள். கணம் மாறாது என்பதால் கண்டிப்பான பொருளில் இது தப்பு; புதுப்பித்தது கலத்தை. அடுப்பிலிருந்து பாலை இறக்கு என்றால் இறக்குவது பாத்திரத்தைத்தானே, அந்தத் தானியாகுபெயர்தான் இங்கேயும். பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். மீதரவு எழுதும்போது மட்டும் வெளியீட்டாளர், தேதி, உரிமம் எல்லாம் கலத்தின் பெயர்மேல் போகவேண்டும். மும்மைகளின் எண்ணிக்கை போன்றவை உள்ளே இருக்கும் கோட்டுருவின் பண்புகள். அவற்றையும் கலத்தின்மேல் எழுதினால், கலத்தின் உள்ளடக்கம் மாறியதும் பொய்யாகிவிடும்.

உள்ளடக்கத்திலிருந்து ஹாஷ், அதாவது கைரேகை போன்ற ஒரு சிறு குறியீடு, கணக்கிட்டு அதையே பெயராக வைக்கும் பழக்கமும் உண்டு. கோட்டுருவை எப்போதும் ஒரே மாதிரி வரும் சீர்வடிவமாக்கி ஹாஷ் எடுப்பதற்கு 2024இல் தரநிலையே வந்திருக்கிறது. இரண்டு கலங்களில் இருப்பது ஒன்றேயா என்று பார்க்க அது அருமையான கருவி. ஆனால் இரண்டுக்கும் ஒரே ஹாஷ்தான் வரும் என்பதால், அதைப் பெயராக்கி அதன்மேல் மீதரவை ஏற்றினால் வெளியீட்டாளர்களும் தேதிகளும் மறுபடி கலந்துவிடும். கலத்துக்குத் தனி முகவரி கொடுத்து, ஹாஷை அதன் பண்புகளில் ஒன்றாக, எடுத்த தேதியோடு எழுதிவைப்பதே சரி.