புல்லில் பத்தில் ஒன்றை எப்படி எண்ணுவது?

தசமபாகம் என்றால் நம் ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு விரும்பிக் கொடுக்கும் காணிக்கைதான் நினைவுக்கு வரும். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் 19-ஆம் நூற்றாண்டு வரை அது, அதாவது விளைச்சலில் பத்தில் ஒன்று, தேவாலயத்துக்குச் சட்டப்படியான கடன். கட்டாவிட்டால் வழக்கு, ஜப்தி. கோதுமை வயலில் கணக்கு எளிது: பத்தாவது கட்டில் ஒரு பச்சைக் கிளையைச் செருகினால் அது தேவாலயத்துடையது. மேய்ச்சல் நிலத்தில்தான் தலைவலி. புல்லை அறுத்து வைத்தால் எண்ணலாம். மாடு தின்றுவிட்டால் எதை எண்ணுவது?

திருச்சபைச் சட்டம் இதற்கு மூன்று வழிகள் வைத்திருந்தது. முதல் வழி உலர்புல். புல்லை அறுத்து, காயவிட்டு, சிறு குவியல்களாகக் கட்டியதும் பத்தில் ஒரு குவியல் ஒதுக்கப்படும். அதே ஆண்டு அந்த நிலத்தில் மறுபடி துளிர்க்கும் புல்லை மாடு மேய்ந்தால் அதற்குக் கட்டணம் இல்லை. நிலம் ஏற்கெனவே ஒருமுறை கொடுத்துவிட்டது என்பது வாதம்.

இரண்டாவது வழி, புல்லை விட்டுவிட்டு அதைத் தின்ற விலங்கு தருவதில் பங்கு கேட்பது: குட்டி, கம்பளி, பால். பத்தாம் நாள் பால் முழுவதும் பாதிரியாருக்கு. கறப்பது விவசாயி, அதுவும் தன் வாளியில். கறந்த இடத்துக்கு ஆள் அனுப்பி எடுத்துப்போவது பாதிரியார் பொறுப்பு. அடுத்த கறவைக்குள் வாளி காலியாக வேண்டும் என்பதால், எடுக்க ஆள் வராத நாளில் சண்டைதான்.

ஆட்டுக்குட்டியில் சிக்கல் வேறு. பத்துக் குட்டி இருந்தால் ஒன்று கொடுக்கலாம், ஏழு இருந்தால்? 1294 முதல் 1313 வரை கேன்டர்பரி பேராயராக இருந்த ராபர்ட் வின்செல்சி பெயரில் வழங்கிய விதி இதைத் தீர்த்தது. ஆறு குட்டி வரை, குட்டிக்கு அரை பென்னி காசாகக் கட்டு. ஏழு இருந்தால் ஒரு குட்டியைப் பாதிரியார் எடுத்துக்கொண்டு ஒன்றரை பென்னி திருப்பித் தர வேண்டும். எட்டு என்றால் ஒரு பென்னி, ஒன்பது என்றால் அரை பென்னி திருப்பம். இந்தக் காசுகள் போகிறபோக்கில் வைத்தவை அல்ல. ஒரு குட்டியின் விலை ஐந்து பென்னி என்று கொண்டால், அதில் பத்தில் ஒன்று அரை பென்னி. ஏழு குட்டிக்கு உரிய பங்கு மூன்றரை பென்னி. ஐந்து பென்னிக் குட்டியை எடுத்தால் ஒன்றரை பென்னி அதிகம் போகிறது. அதைத்தான் திருப்பித் தரச் சொன்னது விதி. கணக்கு துல்லியமாக நிற்கிறது.

விலைவாசி நிற்கவில்லை. குட்டியின் விலை பல மடங்கு ஏறிய பிறகும் அரை பென்னி வழக்கம் பல ஊர்களில் அப்படியே இருந்தது. இப்படிப் பொருளுக்குப் பதிலாக நிலைத்துவிட்ட சிறு தொகைக்கு ‘மோடஸ்’ என்று பெயர். அது செல்ல, சட்டத்தின் கண்ணில் நினைவுக்கு எட்டாத காலமான 1189-க்கு முன்பிருந்தே வழக்கில் இருந்ததாகக் கருதப்பட வேண்டும். இதில் பாதிரியார்களுக்கு ஒரு நல்ல ஆயுதம் கிடைத்தது: 1189-இன் விலைவாசிக்குப் பொருந்தாத அளவுக்குத் தொகை பெரியதாக இருந்தால், அது பிற்காலத்தில் முளைத்த ஏற்பாடு என்று சொல்லி நீதிமன்றம் தள்ளிவிடும். அதாவது, விவசாயி மிகக் குறைவாகக் கட்டிவந்தால் வழக்கில் தப்பினார். கொஞ்சம் தாராளமாகக் கட்டிவந்தவர் மாட்டிக்கொண்டார்.

மூன்றாவது வழிதான் உண்மையான மேய்ச்சல் கட்டணம். ‘அஜிஸ்ட்மென்ட்’ தசமபாகம் என்பார்கள். பாலும் தராத, ஏரும் இழுக்காத, விற்பதற்காகக் கொழுக்க வைக்கும் மாடுகளுக்கு இது. அந்த மாட்டிலிருந்து பாதிரியாருக்கு எதுவும் வராது என்பதால், அது மேய்ந்த புல்லின் மதிப்பில் பத்தில் ஒன்று கேட்கப்பட்டது. உதாரணத்துக்கு, ஏக்கருக்கு 30 ஷில்லிங் பெறும் 20 ஏக்கர் நிலத்தில் ஆண்டு முழுக்க இத்தகைய மாடுகள் மட்டும் மேய்ந்தால், மதிப்பு 30 பவுண்டு (20 ஷில்லிங் ஒரு பவுண்டு). கட்டணம் 3 பவுண்டு. பவுண்டுக்கு 2 ஷில்லிங் என்பதே சூத்திரம். வெளியாள் மாட்டைக் கூலிக்கு மேயவிட்டால், வாங்கிய கூலியில் பத்தில் ஒன்று.

விலக்குகளில்தான் வம்பு முழுவதும். கறவை மாட்டுக்கு இல்லை, பால் ஏற்கெனவே பங்கு தருகிறது. உழவு எருதுக்கு இல்லை, அது உழுத வயல் தருகிறது. ஏருக்கும் கறவைக்கும் வளர்க்கும் கன்றுகளுக்கும், வீட்டுச் சாப்பாட்டுக்கு அடிக்கும் மாட்டுக்கும் இல்லை. சரி, பத்து வருடம் ஏர் இழுத்த எருதை அவிழ்த்துவிட்டு விற்பனைக்குக் கொழுக்க வைத்தால்? அந்த நாளிலிருந்து கட்டணம் உண்டு. எந்த நாள் என்று யார் சொல்வது? ஒரே வேலிக்குள் கறவையும் வறட்டு மாடும் கலந்து மேய்ந்தால் புல்லை எப்படிப் பிரிப்பது? லண்டன் எக்ஸ்செக்கர் நீதிமன்றத்தில் இப்படிப்பட்ட வழக்குகள் குவிந்தன.

இதில் நொந்துபோனவர் பெரும்பாலும் ஏழைப் பாதிரியார். தானியம், உலர்புல், மரம் ஆகிய ‘பெரிய’ பங்குகள் ரெக்டருக்கு, அதாவது பங்கின் முழு உரிமை பெற்றவருக்கு; பல ஊர்களில் அது ஒரு மடம். குட்டி, கம்பளி, பால், மேய்ச்சல் ஆகிய ‘சிறிய’ பங்குகள், அவருக்குப் பதிலாக ஊரில் இருந்து பூசை நடத்தும் விகாருக்கு என்பது பொதுவான பிரிவினை. 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, அவற்றிடம் இருந்த பெரிய பங்குகள் பல, குருத்துவத்தோடு சம்பந்தமே இல்லாத நிலப்பிரபுக்களின் கைக்குப் போயின. எண்ணச் சுலபமானதெல்லாம் அவர்களுக்கு, ஓடி ஒளியக்கூடியதெல்லாம் விகாருக்கு.

அயர்லாந்தில் இந்த மூன்றாவது வழி அடைபட்டதன் விளைவு இன்னும் கொடியது. அங்கே மேய்ச்சல் கட்டணம் ஒழுங்காக வசூலானதே இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதிரியார்கள் நீதிமன்றம் போய் அதைக் கேட்கத் தொடங்கினார்கள். பெரும் மேய்ச்சல்காரர்களான நிலப்பிரபுக்கள் நிறைந்த ஐரிஷ் மக்களவை, 1736 மார்ச்சில் அதற்கு எதிராகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் சட்டம் அல்ல. ஆனாலும் அதன் பிறகு வழக்குப் போடப் பாதிரியார்களுக்குத் துணிவு வரவில்லை. டப்ளின் புனித பேட்ரிக் பேராலயத் தலைமைக் குருவாக இருந்த ஜோனதன் ஸ்விஃப்ட், கொதித்துப்போய் அந்த மன்றத்தையே கிழித்து ஒரு வசைக்கவிதை எழுதினார். 1800-இல் விலக்கு முறையான சட்டமாகவே ஆனது.

மாட்டுக்கு விலக்கு கிடைத்ததும் சுமை உழுத நிலத்தின் மேல் சாய்ந்தது. மன்ஸ்டர் மாகாணத்தில் ஏழையின் உருளைக்கிழங்குப் பாத்திக்கும் பங்கு கேட்டார்கள். ஆயிரம் ஏக்கர் புல்வெளிக்காரர் சும்மா இருக்க, ஒரு ஏக்கர் கிழங்கு போட்ட கத்தோலிக்கக் குடியானவர் தான் கால்வைக்காத ஆங்கிலிக்கன் சபைக்குக் கட்டினார். 1761-இல் டிப்பெரரிப் பக்கம் எழுந்த ‘வெள்ளைச் சட்டையர்’ கலகத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

1823-இல் வந்த சட்டம் பொருளுக்குப் பதில் பணம் என்று மாற்றி, மேய்ச்சல் நிலத்தையும் கணக்குக்குள் கொண்டுவந்தது. நியாயமான திருத்தம்தான். ஆனால் அதுவரை ஏழைகளின் குறையாக இருந்தது, வசதியான மேய்ச்சல்காரரின் குறையாகவும் ஆகிவிட்டது; எதிர்ப்புக்கு ஆள்பலமும் பணபலமும் சேர்ந்தன. 1831 மார்ச்சில் கில்கென்னி மாவட்டம் கிரேக்னமானாவில் ஒரு கத்தோலிக்கக் குருவின் மாடுகளை ஜப்தி செய்யப் படை போனதில் தசமபாகப் போர் தொடங்கியது. ஜப்தியை முறியடிக்க மக்கள் கையாண்ட வழிகள் சட்டத்தின் ஓட்டைகளே. இருட்டிய பின் ஜப்தி செய்யக்கூடாது, பூட்டிய கதவை உடைக்கக்கூடாது. ஆகவே பகல் முழுக்க மாட்டைத் தொழுவத்தில் பூட்டிவைத்து இரவில் மேயவிட்டார்கள். பிடிபட்ட மாடு ஏலத்துக்கு வந்தால் கேட்க ஆள் இருக்காது. 1838-இல் தொகையில் கால் பங்கைத் தள்ளுபடி செய்து, மீதியை நிலவுடைமையாளர் தலையில் கட்டினார்கள். அவர் அதைக் குத்தகையில் ஏற்றி வாங்கிக்கொண்டார்.

இங்கிலாந்தில் 1836-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு பாதையில் போனது. எண்ணுவதையே கைவிட்டு, ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு தொகை விதித்து, அதைத் தானிய விலையோடு கட்டியது. 100 பவுண்டுக் கடனை மூன்றாகப் பிரித்தார்கள். கோதுமை புஷல் (தானியம் அளக்கும் முகத்தல் அளவு) 7 ஷில்லிங் கால் பென்னி, பார்லி 3 ஷில்லிங் 11½ பென்னி, ஓட்ஸ் 2 ஷில்லிங் 9 பென்னி என்ற ஏழாண்டுச் சராசரியில், அந்த மூன்று பங்குகளும் சுமார் 95 புஷல் கோதுமை, 168 புஷல் பார்லி, 242 புஷல் ஓட்ஸ் ஆகின. இந்த அளவுகள் மாறாது. அந்தந்த ஏழாண்டுச் சராசரி விலையை இவற்றோடு பெருக்கினால் அந்த ஆண்டுக்கான தொகை வந்துவிடும்.

நேர்த்தியான சூத்திரம். ஆனால் ஒரு கதிர்கூட விளையாத செம்மறிக் குன்றுக்கும் கோதுமை விலைதான் அளவுகோல். கம்பளி விலை விழுந்து கோதுமை விலை நின்றால் ஆட்டுக்காரருக்கு நட்டம். தானியம் விழுந்து இறைச்சி நின்றால் அவருக்கு லாபம், பாதிரியாருக்குப் பட்டினி. 1870-களுக்குப் பிறகு அமெரிக்கக் கோதுமை வந்து குவிந்ததில் இரண்டாவதுதான் நடந்தது. 1901-இல் 100 பவுண்டுக் கடனுக்குக் கிடைத்தது 67 பவுண்டுக்கும் குறைவு. 1936-இல் இந்தக் கடனை ஒழித்து, அதைப் பெற்றுவந்தவர்களுக்கு அரசே ஈடு கொடுத்து, நிலக்காரர்களிடம் 60 ஆண்டுத் தவணையாக வசூலிக்க ஏற்பாடு செய்தார்கள். 1996 வரை ஓட வேண்டிய அந்தத் தவணையை 1977-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இடையிலேயே முடித்துவைத்தது.