நியான் விளக்கில் வாயு தீர்ந்துபோகுமா?

நியான் பலகைகளுக்கென்றே இருக்கும் அருங்காட்சியகத்தைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: அறுபது எழுபது வருடப் பழைய பலகை இன்னும் எரிகிறதே, உள்ளே வாயு தீராதா?

நியான் எரிபொருள் அல்ல. எலக்ட்ரான் மோதியதும் அணு ஆற்றலை வாங்குகிறது, ஆரஞ்சுச் சிவப்பு ஒளியாக விடுகிறது, பழையபடி ஆகிவிடுகிறது. (நீலம் நியானே அல்ல, ஆர்கானும் ஒரு துளி பாதரசமும்.) குழாயைக் கெடுப்பது அழுக்கு. துளி காற்றோ நீராவியோ கலந்தாலும் நிறம் வெளிறும், ஒளி நடுங்கும், கடைசியில் பற்றவே பற்றாது.

அதனால் வாயு நிரப்புவதைவிடக் கழுவுவதுதான் பெரிய வேலை. கழுவும் விதம்தான் அழகு: குழாயின் மின்னிறக்கமே, அதாவது உள்ளிருக்கும் வாயுவின் வழியே பாயும் மின்சாரமே, அதைக் கழுவுகிறது. காற்றைப் பெரும்பாலும் உறிஞ்சிவிட்டு, மிச்சக் காற்றின் வழியே சுமார் 15,000 வோல்ட்டில் சில நூறு மில்லிஆம்பியர் பாய்ச்சுவார்கள். பலகையாக எரியும்போது ஓடுவது வெறும் 30 மில்லிஆம்பியர்தான். கண்ணாடி 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். சுவரில் ஒட்டிய ஈரமும் எண்ணெய்ப்பசையும் ஆவியாகும். வெப்பமானி வேண்டாம், குழாய்மேல் வைத்த காகிதத் துண்டு பழுப்பேறினால் போதும். பிறகு மின்முனைகளை, அதாவது மின்சாரம் நுழையும் இரு நுனிகளிலுள்ள உலோகத் துண்டுகளை, செக்கச்சிவக்கக் காய்ச்சுவார்கள். அவற்றின் பூச்சிலுள்ள பேரியம் கார்பனேட் ஆக்சைடாக மாறி, கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். இதில் அவசரப்பட்டால் அந்த வாயு பிறகு விளக்கு எரியும்போது மெல்லக் கசிந்து நிறத்தைக் கெடுக்கும்.

அதன்பின் பம்பு முழு மூச்சில் உறிஞ்சும். குழாய் ஆறியதும் நியானை விடுவார்கள். விட்டத்தைப் பொறுத்துச் சுமார் 8 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தம், வளிமண்டலத்துக்கு 760. ஒல்லிக் குழாய்க்கு அழுத்தம் கூட வேண்டும். கடைசியில் உறிஞ்சுகுழலைச் சுடரில் உருக்கி மூடுவார்கள்.

பழைய சிவப்புக் குழாய் விரிசலின்றி இருந்தால், முனைகளை வெட்டிப் புதியவை ஒட்டி இதே கழுவலை மறுபடி செய்யலாம். பாதரசக் கறை படிந்த நீலக் குழாய் அப்படிப் பணியாது. வெப்பத்தில் பாதரசம் ஆவியாகிப் பம்பையும் பாழாக்கும். பழைய பலகையை மீட்கும்போது அதன் இரும்புப் பெட்டிக்கு வண்ணமடிக்கப் பணம் தருபவர்கள், குழாயைச் செய்யும் கண்ணாடி வளைப்பவருக்கும் தர வேண்டும். எல்ஈடி பட்டையை ஒட்டிவிட்டு மீட்டெடுத்தோம் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

வாயு உண்மையிலேயே குறையும் இடமும் ஒன்று உண்டு. அயனிகள் (மின்னேற்றம் பெற்ற அணுக்கள்) மோதி மின்முனையின் உலோகம் சிதறிப் பக்கத்துச் சுவரில் படியும்போது சில நியான் அணுக்களையும் புதைத்துவிடும். அடுத்த முறை குழாயின் நுனியைப் பாருங்கள்: கண்ணாடி கறுத்திருந்தால் அங்கேதான் அவை சிக்கியிருக்கின்றன.